ஹங்கேரி நாட்டுப் புனித எலிசபெத்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நவம்பர் மாதம் வந்துவிட்டால் மறைக்கல்வி வகுப்பில் இந்தப் புனிதையின் கதையைச் சொல்வேன். ஒவ்வோர் ஆண்டும் ஏறக்குறைய அதே கேள்விகள்தான். பாதி பிள்ளைகள் கேட்பவை, மீதி அவர்களைக் கூட்டிப்போக வரும் பெற்றோர் வாசலில் நின்று கேட்பவை. திரும்பத் திரும்பச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாமே என்றுதான் இது.

இவர் எந்த எலிசபெத்?

நம் பக்கத்து வீடுகளில் எலிசபெத்துகளுக்குக் குறைவில்லை. நாமவிழா (பெயர் கொண்ட புனிதரின் திருநாள்) எப்போது என்று கேட்டால்தான் குழப்பம் தொடங்கும். திருமுழுக்கு யோவானின் தாய் எலிசபெத்து விவிலியத்தில் வருபவர். போர்ச்சுகல் நாட்டு அரசி எலிசபெத் (1271–1336) இன்னொருவர், அவருடைய விழா ஜூலை 4. இங்கே நாம் பேசுவது ஹங்கேரி இளவரசி எலிசபெத்தை (1207–1231), விழா நவம்பர் 17. போர்ச்சுகல் அரசி இவருக்கு உறவுதான்: மாற்றாந்தாய் வயிற்றில் பிறந்த தங்கையின் பேத்தி. பெயரும் இந்தப் பெரிய பாட்டியின் நினைவாக வைக்கப்பட்டதே.

புடாபெஸ்டுக்குச் சுற்றுலா போய் வந்த ஒருவர், டான்யூப் ஆற்றின் மேல் இவர் பெயரில் பாலம் இருப்பதாகச் சொன்னார். அந்த எலிசபெத் பாலம் 19ஆம் நூற்றாண்டுப் பேரரசி ஒருவரின் பெயரைத் தாங்கியது.

ஹங்கேரிக்காரர் என்கிறீர்கள், வாழ்ந்ததெல்லாம் ஜெர்மனியில் அல்லவா?

ஆமாம். தந்தை ஹங்கேரி அரசர் இரண்டாம் அந்திரேயா, தாய் ஜெர்மன் பிரபுக் குடும்பத்தில் பிறந்த கெர்ட்ரூட். 1211இல், நான்கு வயதுக் குழந்தையாக, துரிங்கியா நாட்டின் ஆட்சியாளர் முதலாம் ஹெர்மானின் வீட்டுக்கு வருங்கால மருமகளாக அனுப்பிவைத்தார்கள். அந்தக் காலத்து அரச குடும்பங்களில் வழக்கம் அது. மணமகளை மணமகன் வீட்டிலேயே வளர்த்து, அந்த ஊர்ப் பேச்சும் பழக்கமும் படியவைத்து, வயது வந்ததும் கல்யாணம்.

இரண்டு ஆண்டுகளில், 1213இல், ஹங்கேரியில் தாயை எதிரிப் பிரபுக்கள் கொன்றுவிட்டார்கள். முதலில் பேசிவைத்திருந்த மூத்த மகன் 1216இல் இறந்தான். பெண்ணைத் திருப்பி அனுப்பிவிடலாமா என்று அரண்மனையில் பேச்சு எழுந்ததாகச் சொல்வார்கள். அடுத்த மகன் லுட்விக் அவரையே மணந்தார். 1221இல் நடந்த திருமணத்தின்போது பெண்ணுக்கு 14 வயது, மாப்பிள்ளைக்கு 20. ஹெர்மான், சோஃபி, கெர்ட்ரூட் என்று மூன்று குழந்தைகள்.

அவர்கள் குடியிருந்த வார்ட்பர்க் கோட்டை ஐசனாக் ஊருக்கு மேலே குன்றின் மீது இன்னும் நிற்கிறது. முந்நூறு ஆண்டுகள் கழித்து மார்ட்டின் லூத்தர் ஒளிந்திருந்து புதிய ஏற்பாட்டை ஜெர்மனில் பெயர்த்ததும் இதே கோட்டையில்தான்.

எண்ணூறு ஆண்டுக்கு முந்தைய வாழ்க்கை இவ்வளவு விவரமாக எப்படித் தெரியும்?

பணிப்பெண்கள் சொன்னதால். புனிதர் பட்டத்துக்கான விசாரணையில் அவருடன் வாழ்ந்த நான்கு பெண்கள் சாட்சி சொன்னார்கள்: குடா, இசென்ட்ரூட், இர்ம்கார்ட், அவரைப் போலவே எலிசபெத் என்று பெயர்கொண்ட இன்னொருவர். அந்தச் சாட்சியம் அப்படியே எழுதி வைக்கப்பட்டது. கூடவே, அவருடைய ஆன்ம குரு கொன்ராட் திருத்தந்தைக்கு எழுதிய கடிதமும் உண்டு.

எந்தப் புனிதர் வரலாற்றைவிடவும் எனக்கு இந்தச் சாட்சியம்தான் நெருக்கம். குடா சிறு வயதிலிருந்தே தோழி. அவர் நினைவுகூர்வது இப்படி: நொண்டி விளையாடும்போது எலிசபெத் ஒற்றைக் காலில் மற்ற பிள்ளைகளைத் துரத்திக்கொண்டே சிற்றாலயப் பக்கம் ஓட்டிப்போவாள், உள்ளே நுழைந்துவிடலாம் அல்லவா! யார் உயரம் என்று பார்ப்போம், தரையில் படு என்பாள். பக்கத்தில் தானும் படுத்து அளக்கும் சாக்கில் விழுந்து கும்பிட்டுக்கொள்வாள். ஏமாற்று வேலைதான், ஆனால் ஐந்தாறு வயதுப் பிள்ளையின் ஏமாற்று.

மடியில் இருந்த அப்பம் ரோஜாவாக மாறியது உண்மையா?

கோட்டையிலிருந்து ஏழைகளுக்கு அப்பம் கொண்டு இறங்குகிறார். வழியில் கணவர் (சிலர் சொல்லும்போது மாமியார், வேறு சிலர் சொல்லும்போது கொழுந்தனார்) மறித்து, மடியில் என்ன என்கிறார். விரித்துக் காட்டினால் ரோஜாக்கள். எல்லோருக்கும் தெரிந்த புதுமை (அற்புதம்) இதுதான்.

பணிப்பெண்களின் சாட்சியத்தில் இது இல்லை. கொன்ராடின் கடிதத்திலும் இல்லை. பிற்காலத்தில் வளர்ந்த கதை, அதையே போர்ச்சுகல் எலிசபெத்துக்கும் சொல்கிறார்கள். பிள்ளைகளுக்கு நானும் சொல்கிறேன், சொல்லாவிட்டால் விடமாட்டார்கள். ஆனால் கதையில் ஒரு விஷயம் எனக்கு உறுத்தும். கணவர் கஞ்சராகவும் சந்தேகப் பிராணியாகவும் ஆகிவிடுகிறார். லுட்விக் அப்படிப்பட்டவர் அல்லவே அல்ல.

இசென்ட்ரூட் சொன்ன ஒரு நிகழ்ச்சியே போதும். இரவில் எழுந்து செபிக்க எலிசபெத்துக்கு ஆசை. கணவர் தூக்கம் கெடாமல் தன்னை எழுப்ப, காலைப் பிடித்து இழுக்கும்படி பணிப்பெண்ணிடம் சொல்லி வைத்திருந்தார். ஒரு நாள் இசென்ட்ரூட் இருட்டில் தடவி இழுத்தது லுட்விக்கின் காலை! விழித்துக்கொண்ட அவர் நடந்ததைப் புரிந்துகொண்டு, ஒன்றும் சொல்லாமல் பொறுத்துக்கொண்டார். இந்த மனுஷன் வழிமறித்து மடியைச் சோதித்தார் என்றால் நம்ப முடிகிறதா? துரிங்கியா மக்கள் பட்டம் எதுவும் இல்லாமலேயே அவரையும் ‘புனித லுட்விக்’ என்றுதான் அழைத்து வந்திருக்கிறார்கள்.

அரண்மனைச் சாப்பாட்டை ஏன் மறுத்தார்? நோன்பா?

நோன்பு அல்ல. எனக்குத் தெரிந்து வேறு எந்த அரசியும் கேட்காத கேள்வி ஒன்றை அவர் கேட்டார்: இந்தத் தட்டில் இருப்பது எங்கிருந்து வந்தது?

குடிமக்களிடம் நியாயமில்லாமல் பிடுங்கிய பொருள் அரண்மனைச் சமையலறைக்கு வந்துகொண்டிருந்தது. அப்படி வந்ததைத் தொடக்கூடாது, கணவரின் முறையான வருமானத்தில் வந்ததை மட்டும்தான் உண்ணலாம் என்று கொன்ராட் கட்டளையிட்டார். எலிசபெத் அதை ஒரு எழுத்துப் பிசகாமல் பிடித்துக்கொண்டார். விருந்தில் கணவர் பக்கத்தில் உட்கார வேண்டும், ஆனால் தின்னக் கூடாது. எனவே தட்டில் இருப்பதைப் பிய்த்து, உதிர்த்து, அங்குமிங்கும் எடுத்துக்கொடுத்து, சாப்பிடுவதைப் போலவே காட்டிக்கொண்டிருப்பார். பரிமாறுகிறவர்களிடம் விசாரிப்பார். உணவு நல்ல வழியில் வந்தது, பானம் அப்படி இல்லை என்றால் தோழியரிடம், இன்று சாப்பாடு மட்டும் என்பார். மாறி இருந்தால், இன்று குடிக்க மட்டும். இரண்டும் சரி என்று தெரிந்த நாளில் கையைத் தட்டிக் குதூகலிப்பாராம், இன்று நமக்கு உண்ணவும் உண்டு, குடிக்கவும் உண்டு என்று. இரண்டும் இல்லாத நாள்களில் விருந்து மேசையிலிருந்து பசியோடு எழுந்து போனார்கள், அரசியும் தோழியர் மூவரும்.

லுட்விக் தடுக்கவில்லை. வீட்டார் என்ன பேசுவார்களோ என்ற பயம் இல்லாவிட்டால் நானும் அப்படியே செய்வேன் என்றார் என்பது சாட்சியம்.

நோயாளிகளின் புண்ணைக் கழுவிய அரசியர் வேறு சிலரும் உண்டு. வரி வசூலின் கணக்கைத் தன் சோற்றிலேயே பார்த்தவர் இவர். ரோஜாவைவிட இதைத்தான் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. பிள்ளைகள் ரோஜாவைத்தான் வரைகிறார்கள்.

பஞ்ச காலத்தில் என்ன செய்தார்?

1226இல் கடும் பஞ்சம். லுட்விக் பேரரசர் இரண்டாம் பிரெடரிக்கின் அழைப்பில் இத்தாலிக்குப் போயிருந்தார், எனவே ஆட்சி இவர் கையில். களஞ்சியங்களைத் திறந்துவிட்டார். குன்று ஏற முடியாத நோயாளிகளுக்காகக் கோட்டைக்குக் கீழே 28 படுக்கைகளுடன் மருத்துவமனை அமைத்தார், நாள்தோறும் இறங்கிப் போய்ப் பார்த்தார். அறுவடைக் காலம் வந்ததும் உழைக்கத் தெம்புள்ளவர்களுக்குச் சட்டையும், அறுத்த தாள் காலைக் குத்தாமல் இருக்கச் செருப்பும், கையில் ஓர் அரிவாளும் கொடுத்து அனுப்பினார். கதிர் அறுத்த வயலில் வெறுங்காலில் நடந்திருந்தால் அந்தச் செருப்பின் அருமை உங்களுக்குப் புரியும்.

லுட்விக் திரும்பி வந்தபோது அதிகாரிகள் புகார் சொன்னார்கள். அவர் மனைவி பக்கம் நின்றார்.

கணவர் இறந்ததும் கோட்டையிலிருந்து விரட்டிவிட்டார்களா?

சிலுவைப்போருக்குக் கிளம்பிய லுட்விக், கப்பல் ஏறும் இடத்தில் காய்ச்சல் கண்டு 1227 செப்டம்பர் 11 அன்று இத்தாலியின் ஒட்ரான்டோவில் இறந்தார். மூன்றாவது குழந்தை அதற்குச் சில வாரங்கள் கழித்துப் பிறந்தாள். எலிசபெத்துக்கு 20 வயது. உலகமும் அதில் எனக்கு இனித்த அனைத்தும் செத்துவிட்டன என்று அழுதார் என்கிறார்கள் தோழியர்.

ஆட்சி கொழுந்தனார் ஹைன்ரிக் ராஸ்பேயிடம் போனது. அந்தக் குளிர்காலத்தில் எலிசபெத் கோட்டையை விட்டு வெளியேறினார். துரத்தினார்கள் என்பது இசென்ட்ரூட்டின் வாக்குமூலம். விதவைக்கு உரிய சொத்தைத் தராமல் கையைக் கட்டிப்போட்டார்கள், அங்கே இருந்தால் மறுபடி நியாயமில்லாமல் வந்த அந்த உணவில்தான் கை வைக்க வேண்டியிருக்கும், அதனால் தானே இறங்கினார் என்று வரலாற்றாசிரியர்கள் பலர் சொல்கிறார்கள். இரண்டும் ஒன்றை ஒன்று பொய்யாக்குவதாக எனக்குத் தோன்றவில்லை.

முதல் இரவு ஐசனாக்கில், பன்றிகள் அடைத்திருந்த ஒரு கொட்டிலில். நள்ளிரவு மணி அடித்ததும் பிரான்சிஸ்கன் துறவிகளிடம் போய் ‘தே தேயும்’ நன்றிப் பாடலைப் பாடச் சொன்னார். ஊரில் யாரும் இடம் தரவில்லை. ஒரு நாள் சேற்றுத் தெருவில் மிதிகற்கள் மேல் போகும்போது எதிரே வந்த கிழவி, இவரிடமே மருந்தும் உணவும் வாங்கியவள், வழி விடாமல் தள்ளிவிட்டாள். சேற்றில் விழுந்த எலிசபெத் சிரித்துக்கொண்டே எழுந்து துணியைத் துவைத்துக்கொண்டார்.

பிறகு தாய்வழி உறவினரான பாம்பெர்க் ஆயர் எக்பெர்ட் அழைத்துப்போய் மறுமணம் செய்துவைக்கப் பார்த்தார். மறுத்துவிட்டார்.

பெற்ற பிள்ளைகளை விட்டுவிட்டுப் போனது சரியா?

பெற்றோர் கூட்டத்தில் தாய்மார்கள் தவறாமல் கேட்பது. 1228 பெரிய வெள்ளியன்று ஐசனாக் சிற்றாலயத்தின் பீடத்தில் கை வைத்து உறவு, பிள்ளைகள், சொந்த விருப்பம் எல்லாவற்றையும் துறப்பதாக அறிவித்தார். மூத்தவர்கள் இருவரும் தந்தைவழிக் குடும்பத்தில் வளர்ந்தார்கள். கடைக்குட்டி கெர்ட்ரூட்டை இரண்டு வயது வாக்கில் ஆல்டன்பெர்க் மடத்தில் விட்டார்கள். பிள்ளைகள் மேலுள்ள அளவு மீறிய பாசத்தை எடுத்துவிடும்படி இறைவனிடம் மன்றாடியதாக அவரே தோழியரிடம் சொல்லியிருக்கிறார். அப்படி மன்றாட வேண்டியிருந்தது என்றால் அந்தப் பாசம் எவ்வளவு இருந்திருக்கும்!

அரச வாரிசுகள் தாயோடு மருத்துவமனைத் திண்ணையில் வளர அன்று யாரும் விட்டிருக்க மாட்டார்கள் என்பதும் உண்மை. இருந்தாலும் இதை நான் பூசி மெழுகுவதில்லை. கெர்ட்ரூட் அதே மடத்தின் தலைவியாகிப் பல்லாண்டு வாழ்ந்தார், அவரும் அருளாளராக (புனிதர் நிலைக்கு முந்தைய படி) வணங்கப்படுகிறார்.

ஆன்ம குரு கொன்ராட் அவரை அடித்தாராமே?

அடித்தார், அடிக்கவும் வைத்தார். மார்பர்க் ஊரைச் சேர்ந்த கொன்ராட் கண்டிப்புக்குப் பேர்போனவர், பிற்பாடு தப்பறைக்காரர்களை (திருச்சபையின் கொள்கைக்கு மாறானவர்களை) வேட்டையாடும் விசாரணையாளராகி 1233இல் கொலையுண்டவர். கணவர் இருக்கும்போதே எலிசபெத் அவருக்குக் கீழ்ப்படிவதாக வாக்குக் கொடுத்திருந்தார்.

ஒருமுறை ஆல்டன்பெர்க் மடத்தின் உள்பகுதிக்குள் போனதற்காக எலிசபெத்தையும் இர்ம்கார்டையும் நீளமான கம்பால் அடிக்கச் சொல்லி, அடி விழ விழ கொன்ராட் ‘இரக்கமாயிரும்’ சங்கீதம் பாடிக்கொண்டு நின்றார். மூன்று வாரம் தழும்பு இருந்தது என்கிறார் இர்ம்கார்ட். அப்போது எலிசபெத் சொன்ன உவமை நமக்குப் பழக்கமானதுதான்: வெள்ளம் பாயும்போது நாணல் படுக்கும், வடிந்ததும் நிமிரும். குடாவையும் இசென்ட்ரூட்டையும்கூடப் பிரித்து அனுப்பிவிட்டார் கொன்ராட். பழைய நாள்களை நினைவூட்டும் யாரும் பக்கத்தில் இருக்கக்கூடாதாம்.

இதை ஆன்மிகப் பயிற்சி என்று விளக்கும் புத்தகங்கள் உண்டு. இன்று ஒருவர் இப்படிச் செய்தால் நாம் காவல் நிலையத்துக்குப் போவோம், போக வேண்டும்.

ஆனால் எலிசபெத் முழுக்க வளைந்துகொடுத்தவர் என்றும் நினைக்க வேண்டாம். ஏழைகளுக்குப் பணம் கொடுக்காதே என்றார் கொன்ராட், அப்பம் கொடுத்தார். முழு அப்பம் கூடாது என்றார். துண்டு போட்டுக் கொடுத்தார்.

மார்பர்க்கில் என்ன செய்தார்?

விதவைப் பங்காகக் கிடைத்தது 2000 மார்க் (அந்தக் காலத்துப் பண அளவு) வெள்ளி. அதைக்கொண்டு 1228இல் மார்பர்க்கில் மருத்துவமனை கட்டி, அந்த ஆண்டுதான் புனிதர் பட்டம் பெற்றிருந்த அசிசி பிரான்சிஸின் பெயரை வைத்தார். அங்கே ஆளோடு ஆளாகத் தானும் வேலை செய்தார்: சொறி பிடித்த பிள்ளைகளைக் குளிப்பாட்டுவது, பாத்திரம் கழுவுவது, கூலிக்குக் கம்பளி நூற்பது. தந்தை அனுப்பிய தூதர், கையில் நூலோடு உட்கார்ந்திருந்தவரைக் கண்டு, அரசன் மகள் கம்பளி நூற்பதை யார் பார்த்தது என்று வாய்விட்டுக் கூவிவிட்டார்.

ஒரே நாளில் 500 மார்க்கை ஏழைகளுக்குப் பிரித்துக் கொடுத்த கதையும் இங்கேதான். எல்லாரும் வரிசையாக உட்கார வேண்டும், இடம் மாறி இரண்டு முறை வாங்கினால் முடியை வெட்டிவிடுவோம் என்று விதி! மாலையானதும் தெம்புள்ளவர்கள் போய்விட்டார்கள். நிலா வெளிச்சத்தில் எழுந்து நடக்க முடியாதவர்கள் மட்டும் வேலி ஓரத்தில் கிடந்தார்கள். அவர்களுக்கு இன்னும் கொஞ்சம் பணம் கொடுத்து, அப்பம் வரவழைத்து, நெருப்பு மூட்டி, காலைக் கழுவி எண்ணெய் பூசச் சொன்னார். குளிர் விட்டதும் அவர்கள் பாடத் தொடங்கினார்கள். எலிசபெத் தோழியரிடம், நான்தான் சொன்னேனே, மனிதரைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்று, என்றார்.

அவர் கன்னியாஸ்திரியா?

மடத்தில் சேரவில்லை. சாம்பல் நிற உடை அணிந்து மருத்துவமனையில் வாழ்ந்தார். பிரான்சிஸ்கன் மூன்றாம் சபையினர் (மடத்தில் சேராமல் பிரான்சிஸின் வழியில் வாழும் பொதுநிலையினர்) பிரான்சு அரசர் புனித லூயியோடு இவரையும் தங்கள் பாதுகாவலராகக் கொண்டாடுகிறார்கள். நம் பங்குகளில் அந்தச் சபை இருக்கும் இடங்களில் நவம்பர் 17 சிறப்பாக இருப்பது இதனால்தான்.

எப்போது இறந்தார்?

1231 நவம்பர் 17, விடியும் முன். 24 வயது.

நான்கே ஆண்டில் புனிதர் பட்டமா?

கல்லறைக்கு அன்றே கூட்டம். அடக்கத்துக்கு முன்பே ஆடையிலிருந்து துணுக்கு கிழித்தவர்களும் முடியும் நகமும் வெட்டிக்கொண்டவர்களும் உண்டு. நூற்றுக்கும் மேற்பட்ட புதுமைகள் விசாரிக்கப்பட்டன. 1235இல் தூய ஆவி பெருவிழா அன்று, மே 27, பெரூஜியாவில் திருத்தந்தை ஒன்பதாம் கிரகோரி புனிதர் பட்டம் அளித்தார். பக்தியோடு அரசியலும் உண்டு: துரிங்கியா குடும்பத்துக்கும், மருத்துவமனையைப் பொறுப்பேற்ற டியூட்டானிக் சபைக்கும் (ஜெர்மன் வீரத் துறவியர் சபை), பேரரசருக்கும் அது பெருமை. 1236 மே 1 அன்று உடலை எடுத்து வைக்கும் சடங்கில் பேரரசர் பிரெடரிக்கே வெறுங்காலுடன் எளிய உடையில் வந்து புனிதையின் தலைக்குப் பொன்முடி வைத்தார்.

திருப்பண்டங்கள் இப்போது எங்கே?

மார்பர்க்கில் அவர் கல்லறை மேல் 1235இல் தொடங்கி 1283இல் அர்ச்சிக்கப்பட்ட ஆலயம், ஜெர்மனியின் முதல் கோத்திக் ஆலயங்களில் ஒன்று. பொற்பேழை இன்றும் அங்கே இருக்கிறது, உள்ளே எலும்புகள் இல்லை. 1539இல், மார்பர்க் அடங்கிய ஹெஸ்ஸே பகுதியின் ஆட்சியாளர் பிலிப், சீர்திருத்தச் சபைக்காரர், திருப்பயணத்தை நிறுத்துவதற்காக அவற்றை அப்புறப்படுத்தினார். இந்தப் பிலிப் வேறு யாருமல்ல, எலிசபெத்தின் மகள் சோஃபி வழி வந்த வாரிசு! பின்னர் ஒரு பகுதி திரும்பக் கிடைத்தது, வியன்னாவில் எலிசபெத் சபைக் கன்னியர் மடத்தில் வணங்கப்படுகிறது. தலைக்கான பொன் திருப்பண்டப் பேழை ஸ்வீடன் படைகள் கைக்குப் போய், இப்போது ஸ்டாக்ஹோம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஸ்லோவாக்கியாவின் மிகப் பெரிய ஆலயமான கோஷிட்சே பேராலயமும் இவர் பெயரில்தான். கொலம்பியாவின் பொகோட்டா உயர்மறைமாவட்டத்துக்கும் இவரே பாதுகாவலி.

விழா 17ஆ, 19ஆ?

17 இறந்த நாள், 19 அடக்கம் செய்த நாள். பழைய நாட்காட்டியில் 19 இருந்தது, 1969 திருத்தத்தில் 17 ஆனது. ஜெர்மனியில் இன்னமும் 19தான். பழைய செபப் புத்தகம் வைத்திருக்கும் பாட்டிமார் 19 என்று அடித்துச் சொல்வார்கள், அவர்களோடு வாதாட வேண்டாம்.

படத்தில் இவரை எப்படிக் கண்டுபிடிப்பது?

தலையில் கிரீடம், மடியிலோ கூடையிலோ அப்பம் அல்லது ரோஜா, காலடியில் ஒரு பிச்சைக்காரர். ரோஜா மட்டும் இருந்தால் போர்ச்சுகல் எலிசபெத்தாகவும் இருக்கலாம். அப்பம் இருந்தால் பெரும்பாலும் இவர்தான்; ரொட்டி சுடுபவர்களின் பாதுகாவலியும் இவரே.